அப்பாவுக்குக் கேட்கட்டும்

பேருந்து இருக்கைகளுக்கு ரெக்ஸின் உறை தைக்கும் பட்டறையில் அவளை எல்லாரும் ரெக்ஸின் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தடித்த ஊசி, தடித்த நூல், அதைவிடத் தடித்த வைராக்கியம். முதலாளி ஒருமுறை மட்டமான ஸ்பாஞ்சை வாங்கிப் போட்டுவிட்டுப் பழியை அவள்மேல் தள்ளினார். அதற்குப் பிறகு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை அவரிடம் அவள் பேசியதில்லை. வேலையில் மட்டும் குறை வைக்கவில்லை. மறப்பது அவளுக்கு வராது.

அவள் மறக்காதவர்களில் முதல் ஆள் அப்பா.

அப்பா மில்லில் எலக்ட்ரீஷியன். வேலை முடிந்ததும் தெருமுனைக் கூட்டங்களில் கடவுள் இல்லை என்று பேசுவார். மைக் என்றே அவருக்குப் பேர் விழுந்துவிட்டது. பக்திமான்கள்கூட ஓரமாக நின்று ரசித்துவிட்டுப் போவார்கள். வீட்டில் மகளை அடித்ததில்லை, அதட்டியதில்லை. "சுயமா யோசிக்கணும்மா. யார் சொன்னாலும் நம்பிடக் கூடாது" என்பார். அந்த 'யார்' கணக்கில் அவர் மட்டும் சேர்த்தி இல்லை.

அவள் சிறுமியாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டாள். அம்மா துணிப்பெட்டியின் அடியில் ஒளித்து வைத்திருந்த சின்னச் சாமி படத்தை எடுத்துத் தன் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டாள் அவள். அதைத் தொட்டுக்கொண்டால்தான் தூக்கம் வரும். ஒரு நாள் அப்பாவின் கூட்டாளிகள் கூடத்தில் உட்கார்ந்திருந்த நேரம், உறையைத் துவைக்க எடுத்த அப்பாவின் கையில் அது சிக்கியது.

"இது என்னம்மா?"

"அம்மாவோடது."

"அது சரி. இது என்ன?"

அப்பாவே பதிலும் சொன்னார்.

"காகிதம். வெறும் காகிதம். கிழிச்சா ஒண்ணும் ஆகாது. நீயே கிழிச்சுப் பாரு."

கூடத்துக்குக் கூட்டிவந்து எல்லார் முன்னாலும் நிறுத்தினார். அவள் கிழித்தாள். கூட்டாளிகள் கைதட்டினார்கள். அப்பா பூரித்துப்போய் அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். தோள் நனைந்ததை அவர் கவனிக்கவில்லை. இதற்கு என்றைக்காவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அந்தத் தோளிலேயே அவள் முடிவு செய்தாள்.

கல்யாணம் ஆனதும் தன் வீட்டில் சாமி படங்களாக வாங்கி மாட்டினாள். பக்தி இல்லாமல் இல்லை. ஆனால் அப்பா வரும் நாட்களில் அது இரண்டு மடங்காகிவிடும். மகள் பிறந்து பேச்சு வந்ததுமே பிரார்த்தனைப் பாட்டுகளைச் சொல்லிக் கொடுத்தாள். "தாத்தாவுக்குப் பாடிக் காட்டு" என்பாள். பிள்ளை பாடப் பாட, அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதைப் பார்க்க அவளுக்குத் தேனாக இனிக்கும்.

"நீயும் உங்கப்பாவும் கடவுளை வெச்சு கயிறு இழுக்கிறீங்க, நடுவுல நான் எதுக்கு" என்று அவள் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

பிறகு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. கூடவே பேச்சும் போனது. ரெக்ஸின் அக்கா அவரைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பெத்தா இப்படி ஒரு மகளைப் பெறணும் என்று அக்கம்பக்கத்தில் மெச்சினார்கள். குளிப்பாட்டினாள், ஊட்டினாள், முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தாள். நல்ல ஸ்பாஞ்சாகப் பார்த்து மெத்தையும் அவளே தைத்தாள். அதன்பின் வீட்டிலிருந்த சாமி படங்களையெல்லாம் கழற்றிவந்து, அவர் கண்ணுக்கு நேர் எதிர்ச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். வேலைக்குக் கிளம்பும்போது பிரார்த்தனைப் பாட்டைப் போட்டு, ஸ்பீக்கரை அவர் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தாள்.

"கேளுங்கப்பா. வெறும் சத்தம்தானே. ஒண்ணும் ஆகாது."

அவருடைய இடது கை போர்வையைப் பிடித்துக் கசக்கும். அன்றெல்லாம் பட்டறையில் அவளுக்கு வேலை பறக்கும்.

ஒரு நாள் வீடு திரும்பியபோது ஸ்பீக்கர் அணைந்திருந்தது. மறுநாளும் அப்படியே. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகளின் வேலை அது.

"எதுக்குடி நிறுத்துற?"

"தாத்தா வேணாம்கிறார்."

"அவருக்குத்தான் பேச்சே இல்லையே."

"கண்ணை இறுக்கி மூடிக்கிறாரும்மா. உனக்குத் தெரியலயா?"

தெரியும். தெரிந்துதான் போட்டாள். கோபம் தலைக்கேற, மகளைக் கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலுக்கு முன்னால் நிறுத்தினாள்.

"அப்ப நீயே பாடு. நீ என்ன நம்புறேன்னு அவர் காதுல விழட்டும்."

மகள் சுவரைப் பார்த்தாள். தாத்தாவைப் பார்த்தாள்.

"எனக்கு இன்னும் தெரியலம்மா."

"என்ன தெரியல?"

"கடவுள் இருக்காரா இல்லையான்னு. யோசிச்சுட்டுதான் இருக்கேன். தெரியாம பாடுனா அது பொய்."

கட்டிலில் கரகரவென்று ஒரு சத்தம். கோணிய வாயால் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். ரெக்ஸின் அக்கா பிடித்திருந்த மகளின் கையை உதறினாள். இத்தனை வருடம் பாடுபட்டுப் பிள்ளையை வளர்த்து, கடைசியில் அவர் கையிலா கொடுத்தோம் என்று நினைத்தாள்.

மகள் அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க சிரிக்காதீங்க தாத்தா. நான் உங்க கட்சியும் இல்ல. அம்மாவைப் படத்தைக் கிழிக்க வெச்சீங்களாமே. இன்னும் அதைச் சொல்லி அழறாங்க. உங்க சண்டையை நீங்க ரெண்டு பேருமே போட்டுக்கோங்க. எனக்கு நாளைக்கு டெஸ்ட் இருக்கு."

அவள் ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். சிரிப்பு நின்றது. அப்பா ரெக்ஸின் அக்காவை வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டினார். அவள் அதைப் பிடிக்கவில்லை. போர்வையைச் சரிசெய்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள். படங்கள் சுவரிலேயே இருந்தன.

அடுத்த மழைக்காலத்தில் அப்பா இறந்தார். தன் உடல் முன்னால் யாரும் ஒரு பிரார்த்தனையும் சொல்லக் கூடாது என்று மேடைக்கு மேடை முழங்கியவர் அவர். பழைய கூட்டாளிகளில் மிஞ்சியவர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் ரெக்ஸின் அக்கா உடலருகே நின்று, முழுப் பிரார்த்தனையையும் உரக்கச் சொன்னாள். ஒரு வரி விடவில்லை. பெற்ற மகள் சொல்லும்போது யார் தடுப்பது? கிழவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மகள் மட்டும் எழுந்து வெளியே போய் நின்றாள்.

"அன்னிக்குத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு" என்று ரெக்ஸின் அக்கா இன்றும் சொல்வாள். வருத்தம் துளியும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து மகள் கடவுள் பேச்சை அம்மாவிடம் எடுப்பதே இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. படிப்பு, வேலை, சினேகிதிகள் என்று வாய் ஓயாமல் பேசுவாள். அந்த ஒரு கதவை மட்டும் சாத்திக்கொண்டாள்.

இப்போது அவள் வெளியூரில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். வாரம் தவறாமல் ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போகிறாளாம். பிரார்த்தனைக் கூட்டமா, விவாதக் கூட்டமா தெரியவில்லை.

"கேட்டுத்தான் பாரேன்" என்றார் கணவர்.

"அவளா சொல்லட்டும். சொல்லாட்டியும் போகட்டும்."

போன விடுமுறைக்கு வந்திருந்தபோது, தட்டின் முன்னால் உட்கார்ந்த மகள் ஒரு கணம் கண்ணை மூடினாள். பிரார்த்தனையாக இருக்கலாம், பயணக் களைப்பாகவும் இருக்கலாம். ரெக்ஸின் அக்கா கரண்டியைக் கையில் பிடித்தபடி, அவள் கண்ணைத் திறக்கும்வரை காத்து நின்றாள். பிறகு பரிமாறினாள்.