பாட்டு முடியுமட்டும் கத்தரிக்கோல் எடுக்கக்கூடாது

நாள் முழுக்க நின்று வேலை செய்கிற எல்லாருக்கும் கால் வீங்கும். சலூனில் நிற்கிற எங்களுக்குக் காதும் சேர்ந்து வீங்கும். நாற்காலியில் இருத்திக் கழுத்தில் துணியைக் கட்டியதும் பெண்கள் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, மற்றவர்கள் நம்பினால் போதும்.

கடைச் சட்டம்

நான் வேலை செய்வது ரொறொன்ரோவின் வடக்கு எல்லையில், ஒரு பிளாசாவில், பல் வைத்தியருக்கும் பபிள் ரீ என்கிற தேத்தண்ணிக் கடைக்கும் நடுவிலிருக்கும் சலூனில். முதலாளி கெய்கோ, ஜப்பான்காரி. பதினொரு வருடமாக இரண்டு பேரும் ஆளுக்கொரு நாற்காலியில் நின்று வெட்டுகிறோம். அவருடைய ஊரில், காதல் முறிந்த பெண் நீளமான தலைமுடியை வெட்டிவிடுவாளாம். கட்டை முடியோடு வேலைக்குப் போனால் கூட வேலை செய்கிறவர்கள் என்ன நடந்தது என்று கேட்பார்களாம். அதனால் நீளமுடியோடு வந்து ஒரேயடியாகக் கட்டையாக்கச் சொல்கிற பெண் யாராக இருந்தாலும் எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. முதலில் தலையைக் கழுவித் துவாயைச் சுற்றி இருத்துவோம். பிறகு கெய்கோ ஒரு ஜப்பானியக் காதல் தோல்விப் பாட்டைப் போடுவார். அது முழுதாக முடியுமட்டும் கத்தரிக்கோலைத் தொடக்கூடாது. முடிந்த பிறகு மனம் மாறினால், கழுவியதற்கு மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட வேண்டும்.

அந்தப் பாட்டு எனக்கு வெகுகாலம் கடலைப் பற்றியதாகத்தான் பட்டது. மூன்றாம் வருடம்தான் அர்த்தம் கேட்டேன். அவன் போன பிறகு அவள் அவனுடைய பல் பிரஷைக் குப்பையில் போடுகிறாள், அடுத்த நாள் வேலை முடிந்து வரும்போது புதிதாக ஒன்று வாங்கி அதே கோப்பைக்குள் வைக்கிறாள். கதை அவ்வளவுதான். அதற்கு ஆறு நிமிடம். இப்படி ஒரு சட்டம் எதற்கு என்று கேட்டபோது, முன்பு ஒருத்தி காலையில் வெட்டிவிட்டுப் போனதையும், பின்னேரமே அவன் திரும்பி வந்ததையும், அவள் கடைக்கு ஓடிவந்து அழுததையும் சொன்னார். ஆங்கிலத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "வெட்டிய முடியை என்னால் ஒட்ட முடியாது. பாட்டைத்தான் திரும்பப் போட முடியும்."

தண்ணீர்க் குழாய்

ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கிய ஒரு தமிழ்ப் பெண் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், பின்னல் முழங்கால் வரை தொங்கியது. குளியலறைக் குழாய் முடியால் மூன்றாம் முறையும் அடைத்து, வீட்டுக்காரர் கத்தியதால் வெட்ட வந்திருந்தார். இது காதல் தோல்வி இல்லை, குழாய் அடைப்பு என்று நான் கெய்கோவிடம் எடுத்துச் சொன்னேன். சட்டம் சட்டம்தான் என்று பாட்டைப் போட்டுவிட்டார்.

இரண்டாம் நிமிடத்தில் அந்த அம்மாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர். பாட்டு முடிந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தோளளவுக்கு வெட்டச் சொன்னார். போகும்போது கதவடியில் நின்று திரும்பி வந்து என் காதுக்குள் சொன்னார்: "பைப் அடைக்குதெண்டு வந்தனான் தங்கச்சி. உந்தப் பாட்டு வேற என்னத்தையோ கிளறி விட்டிட்டுது. வீட்டில பைப்புக்குத்தான் வெட்டினதெண்டு இருக்கட்டும்."

ஷெரின்

ஷெரின் யூனியன்வில் பிள்ளை. இங்கேயே பிறந்தவள், காப்புறுதிக் கம்பனியில் வேலை. தாய் பிலோமினா அக்காவை எனக்கு மாதா கோயிலில் பழக்கம். ஆறு வருடம் பழகிய பெடியன், கலியாண ஹோலும் பதிந்த பிறகு, கோப்பிக் கடை வாசலில் காருக்குள் வைத்துத் தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். தன் இடுப்பளவு முடியை அவனுக்காகத்தான் வளர்த்ததாகச் சொன்னாள். வெட்டினால் அவன் வரமாட்டான் என்பதை ஒத்துக்கொண்ட மாதிரி, வெட்டாவிட்டால் கண்ணாடி பார்க்கிற ஒவ்வொரு தரமும் அவன் ஞாபகம். அவளுடைய பிரச்சினை இவ்வளவுதான். இதைவிடப் பெரிய பிரச்சினை ஒரு மனுசிக்கு வேண்டியதில்லை.

தோளளவுக்கு வெட்டுங்கோ என்று இருந்தாள். பல் பிரஷ் வருகிற இடத்துக்கு முன்னமே தேம்பத் தொடங்கிவிட்டாள். அவளுக்கு அதன் அர்த்தம் தெரியாது. பாட்டு முடிந்ததும் பாட்டின் பெயரைக் கெய்கோவிடம் கேட்டு ஃபோனில் பதிந்துகொண்டு, நுனியை மட்டும் ட்ரிம் பண்ணச் சொன்னாள். குளிர்காலம் முடிவதற்குள் இன்னும் இரண்டு தரம் வந்தாள். இரண்டு தரமும் இதே கதை. மூன்றாம் தரம் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஐ நோ, அன்ரி. அவன் வரமாட்டான். ஆனா வந்தானெண்டால்?"

என் கொண்டை

என் கதை ஒரு வரிக் கதை. ஒன்பது வருடத்துக்கு முன் வேலைக்கென்று எட்மன்டன் போன என் வீட்டுக்காரர் அங்கே வேறொருத்தியோடு குடும்பமாகிவிட்டார். என் முடி இடுப்புக்குக் கீழே வரும். கொண்டை போட்டுக்கொண்டுதான் வேலைக்கு வருகிறேன். மற்றவர்கள் தலையைப் பார்க்கிறவளுக்குத் தன் தலையைப் பார்க்க நேரமில்லை என்று சொல்லிச் சமாளித்து வருகிறேன். ஷெரின் மூன்றாம் தரம் வெட்டாமல் போன அன்று, நிலத்தைக் கூட்டிக்கொண்டிருந்த கெய்கோ தலை நிமிராமல் கேட்டார்: "உன் கொண்டைக்கு எப்போது பாட்டுப் போடுகிறது?"

பிலோமினா அக்கா

ஈஸ்டருக்கு முந்திய கிழமை பிலோமினா அக்கா கடைக்கு வந்தார். அஜக்ஸிலிருந்து ஒரு மாப்பிள்ளை பகுதி ஷெரினைப் பெண் பார்க்க வர இருந்ததாம். அனுப்பிய படத்தில் பின்னல் முன்னுக்குத் தொங்குகிறதாம். மகள் இனி வந்தால் நேரம் இல்லை, கத்தரிக்கோல் பழுது, ஏதாவது சொல்லித் திருப்பிவிடு என்று என் கையைப் பிடித்துக் கேட்டார். கோயிலில் பழகிய மனுசி. எப்படி மறுக்கிறது? கதைக்கிற பதற்றத்தில் அவர் தன் பின்னலை முன்னுக்கு இழுத்துப் பிசைந்துகொண்டே நின்றார்.

தமிழ் விளங்காத கெய்கோவுக்கு, மனுசி முடி வெட்ட வந்திருக்கிறார் என்று நினைக்க அது போதுமாக இருந்தது. நான் வாய் திறப்பதற்குள் மனுசியை நாற்காலியில் இருத்தித் தோளில் துவாயும் போட்டு, பாட்டைத் தட்டிவிட்டார். வெள்ளைக்காரியை இருத்துகிற மாதிரி மரியாதையாக இருத்தினால் எங்கள் ஆட்கள் எழும்பமாட்டார்கள். பிலோமினா அக்காவும் எழும்பவில்லை. முதல் வரியிலேயே முகம் மாறிவிட்டது. கடைசி வரைக்கும் கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு துவாயை மடித்து என் கையில் தந்தார்: "அறைக்கதவைப் பூட்டிப்போட்டு ஷெரின் உந்தப் பாட்டைத்தான் ஒவ்வொரு நாளும் போடுறவள். நான் ஏதோ வேலைக்குப் பாஷை படிக்கிறாள் எண்டு நினைச்சு, தேத்தண்ணி போட்டுக் கதவடியில வைச்சிட்டுப் போறனான்."

நாலாம் தரம்

மே மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஷெரின் வந்தாள். கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். பிலோமினா அக்கா காருக்குள் இருந்தார். உள்ளே வரவில்லை, கையை மட்டும் காட்டினார். அஜக்ஸ்காரருக்கு என்ன பதில் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தலையைக் கழுவினேன். கெய்கோ பாட்டைப் போட்டார்.

பாட்டில் பல் பிரஷ் குப்பைக்குள் போனது. ஷெரின் ஃபோனை எடுத்து யாருக்கோ ஏதோ எழுதினாள். புதுப் பிரஷ் கோப்பைக்குள் வந்தது. அவள் கால் மேல் கால் போட்டு, கொட்டாவி ஒன்றை விட்டு, திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, நான் தமிழிலிருந்து மாற்றிச் சொல்வதற்கு முன்னமே, கெய்கோ பதினொரு வருடச் சட்டத்தை மீறிப் பாட்டை நடுவில் நிறுத்திக் கத்தரிக்கோலை எடுத்து என் கையில் தந்தார். அவள் சொன்னது இது: "அன்ரி, உந்தப் பாட்டு இன்னும் எவ்வளவு நேரம் போகும்? அம்மா காருக்குள்ள வெயிற் பண்ணுறா, ரெண்டு பேருக்கும் சரியான பசி."

ஒரு பாட்டு அலுத்துப்போவதுதான் மனம் ஆறியதற்கு அடையாளம் என்றால், கிழமைக்கு ஒன்றிரண்டு தரம் அதே பாட்டைக் கேட்கிற எனக்கு அது இன்னும் அலுக்கவில்லை என்பதை, கெய்கோவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்ற துணிவில் இங்கே எழுதி வைக்கிறேன்.