மூடியைத் தொடாத மூய் அக்கா

வெந்நீர்க் கெட்டிலை வலக்கையில் ஏந்தி, இடக்கையால் விரிந்த செய்தித்தாளைக் கீழே அமுக்கி, அதற்குப் பின்னால் மறைந்திருந்த முகத்தைப் பார்த்து, "அழகா, மூடியைத் தொற" என்கிறார் மூய் அக்கா. தாளுக்குப் பின்னாலிருந்து வெளிப்படும் அழகனுக்கு எண்பது வயதிருக்கும். மேல்வரிசைப் பற்கள் சட்டைப் பையில் இருக்கும். அவர் தேநீர்க் கெண்டியின் மூடியைத் தூக்கிச் சாய்த்து வைத்த மறுகணம், ஒரு முழ உயரத்திலிருந்து வெந்நீர் இறங்கும். மேசையில் ஒரு துளி தெறிக்காது. கிழவர் இரண்டு விரல்களால் மேசையை மெல்லத் தட்டுவார். நன்றி சொல்லியாயிற்று. அக்கா அதற்குள் அடுத்த மேசையில் இருப்பார்.

ஷாம் ஷுய் போ வட்டாரத்தின் துணிக்கடைத் தெருவில், படியேறியதும் இரைச்சல் முகத்தில் அறையும் அந்த மாடித் தேநீரகத்தின் காலைப்பொழுது அக்காவுக்குச் சொந்தமானது. யிப் சௌ மூய் என்னும் முழுப்பெயர் சம்பளச் சீட்டில் மட்டுமே வழங்குகிறது. குள்ளமான உருவம், கத்தரித்த நரைமுடி, அதைக் காதுக்குப் பின்னால் நிறுத்தும் சிவப்புக் கவ்வி, அந்தக் கவ்வியிலேயே செருகிய பேனா. பேனா வெறும் அலங்காரம். யார் எதைக் கேட்டார் என்பதை அவர் எழுதி நான் பார்த்ததில்லை. சமையலறையை நோக்கிக் குரல் கொடுப்பதோடு சரி. நாள் முழுவதும் பிறருக்குத் தேநீர் கொடுக்கும் இவர் தாம் அருந்துவது வெறும் வெந்நீர். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "ஊத்தி ஊத்தியே வயிறு நெறஞ்சு போச்சு, லியுங் சார்" என்றார்.

அவர் வாடிக்கையாளரை விளிக்கும் முறையில் ஓர் ஒழுங்கு உண்டு. பொதுவாக ஆண்கள் அனைவரும் அழகா. பெண்கள் அனைவரும் அழகி. பொறுமையைச் சற்றே சோதிப்பவர் ராசா ஆகிவிடுவார். எல்லை மீறியவரை மட்டும் மிகுந்த மரியாதையுடன் ஐயா என்பார். அக்காவின் வாயால் ஐயா என்று அழைக்கப்பட்டவர் திருந்தவேண்டும், அல்லது வேறு கடை பார்க்கவேண்டும் என்பது எங்களிடையே நிலவும் கருத்து.

சோதிப்பவர்களுக்குக் குறைவில்லை. எழுந்திருக்கப் போகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று இடம் பிடிப்பது இங்கே எல்லோருக்கும் பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் நெரிபடும் வேளையில், ஓர் அம்மையார் இன்னும் வராத தோழிக்காகப் பக்கத்து நாற்காலியில் கைப்பையை உட்காரவைத்திருந்தார். அக்கா அந்தப் பைக்கு முன்னால் ஒரு கிண்ணமும் குச்சிகளும் வைத்துவிட்டு, "அழகி, உங்க பை என்ன டீ குடிக்கும்? மல்லிகையா, சாமந்தியா?" என்று கேட்டார். பை மடிக்குப் போய்விட்டது. கோழிக்காலில் எலும்பு அதிகம் என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். "கோழிகிட்ட சொல்லிப் பாக்கறேன், ராசா. நடக்கறத விட்டுடுன்னு" என்றார் அக்கா. கோபித்தவரே சிரித்துவிட்டு இன்னொரு கூடை கோழிக்கால் வாங்கினார்.

இப்படி இருந்த இடத்துக்குத்தான் சென்ற குளிர்காலத்தில் பூன் முதலாளி வந்து சேர்ந்தார். வான்கூவரில் நெடுங்காலம் மரச்சாமான் கடை நடத்தியவர்; மனைவி காலமானபின் தனியாக ஊர் திரும்பியவர். என் மேசையில் எனக்கு எதிரே அமர்வார். தம் கிண்ணத்தைத் தம் கண்முன்னே தேநீர் விட்டு அலசவேண்டும் என்பார். பலகாரம் வேகும் ஆவிக்கூடையைத் தம் எதிரில்தான் திறக்கவேண்டும் என்பார். இறால் கொழுக்கட்டையின் தோல் கிழிந்திருந்தால் திருப்பி அனுப்புவார். சன்னலை மூடச் சொல்லி, மூடியபின் புழுக்கம் என்பார். அக்கா எல்லாவற்றையும் செய்தார். அலசினார், திறந்தார், மாற்றினார், மூடினார். முதல் நாளிலிருந்தே அவரை ஐயா என்று அழைத்தார் என்பதையும் சொல்லவேண்டும்.

ஒன்றை மட்டும் செய்ய மறுத்தார். பூன் முதலாளி கெண்டியின் மூடியைச் சாய்த்து வைக்கமாட்டார். நல்ல பணியாள் கேளாமலே அறிந்து ஊற்றவேண்டும் என்பது அவர் கட்சி. மூடி சாயாதவரை அக்கா கெட்டிலோடு கடந்து போய்க்கொண்டே இருப்பார். கெண்டி வற்றிப்போயிற்று என்று முதல் புகார் மேலாளரிடம் போனது.

சில நாள் கழித்து அவர் கரண்டியால் கோப்பையைத் தட்டி, "வான்கூவர்ல நாங்க கேக்கவே வேணாம். அவங்களே வந்து ஊத்துவாங்க" என்றார்.

அக்கா கெட்டிலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றார். "முன்னாடி ஒருத்தன் டீ குடிக்க வந்தானாம், ஐயா. காலிக் கெண்டிக்குள்ள ஒரு குருவியைப் போட்டு மூடிட்டான். சர்வர் பாவம், தண்ணி ஊத்தலாம்னு மூடியைத் தொறந்தான். குருவி பறந்து போச்சு. அது லேசுப்பட்ட குருவி இல்ல, நஷ்டஈடு குடுன்னு கடையையே ரெண்டாக்கிட்டான். அன்னிலேருந்து மூடி உங்க கை, தண்ணி எங்க கை."

"அங்க அப்படியெல்லாம் கிடையாது."

"அங்க குருவி இல்லையோ என்னவோ."

மேசை முழுவதும் சிரித்தது. பூன் முதலாளி சிரிக்கவில்லை. இரண்டாவது புகாரும் போனது.

மேலாளர் டோ வயதில் இளையவர். உணவு விடுதி ஒன்றில் பயிற்சி பெற்று அண்மையில் வந்தவர். புகார் மூன்றானால் அந்தப் பணியாளர் கூடத்தைவிட்டுப் பின்கட்டுக்கு, கிண்ணம் கழுவும் அறைக்கு மாற்றப்படுவார் என்று விதி செய்து சமையலறைக் கதவில் ஒட்டியிருந்தார். அந்த அறையில் ஓயாமல் இரையும் ஓர் இயந்திரமும், கைக்குட்டை அளவு சன்னலும் உண்டு. பேச ஆள் இல்லை. இருந்தாலும் அந்த இரைச்சலில் எதுவும் கேட்காது. பிறரிடம் பேசுவதையே காலைச் சிற்றுண்டியாகக் கொண்ட ஒருவருக்கு அது என்ன இடம் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை.

பூன் முதலாளியின் மூடியை அக்காவே திறந்துவிட்டால்தான் என்ன என்று நானே கேட்டுப் பார்த்தேன்.

"கத்துற பையனுக்கு அதிக மார்க் போடுவீங்களா, சார்?" என்று என் வாத்தியார் தொழிலை இழுத்தார் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "குருவி கெடக்கட்டும். பாதிப் பேரு இன்னும் ஊறட்டும்னுதான் மூடி வச்சிருப்பாங்க. யாரு ஊற வச்சிருக்கா, யாரு குடிச்சு முடிச்சாங்கன்னு மூடிதானே சொல்லணும். நானா தொறந்து ஒருத்தர் டீயக் கெடுத்தா, அது என் பாவம்." கெட்டிலைச் சாய்த்தார். "கழுவற ரூமுக்குப் போனா மிஷின்கிட்டதான் பேசணும். அது பதிலுக்கு ஒண்ணும் சொல்லாது."

அன்று என் மேசையில் வெந்நீர் தெறித்தது. முன்பு ஒருபோதும் நிகழாதது அது. அக்கா துணியால் துடைத்துவிட்டு நகர்ந்தார்.

அதற்கு அடுத்த வாரம் ஒருநாள், பூன் முதலாளி தேயிலை வேண்டாம், காலிக் கெண்டி போதும் என்றார். உட்சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். அதில் வைத்து வைத்து முதிர்ந்த, கறுத்த போலேய்த் தேயிலை ஒரு கிள்ளு இருந்தது. கெண்டிக்குள் தாமே இட்டு, அக்காவிடம் பாதியளவே வெந்நீர் ஊற்றச் சொல்லி, தாமே மூடினார். பின் கைகளைக் கட்டிக்கொண்டு கண்களை மூடினார். அக்கா சன்னலோர மேசைக்குப் போய்விட்டார்.

மேலாளர் டோ அப்போதுதான் கூடத்துக்குள் வந்தார். மூடிய கெண்டி, கண்மூடிக் காத்திருக்கும் பூன் முதலாளி, அருகில் அக்கா இல்லை. மூன்றாவது புகார் உருவாவதைக் கண்டவர்போல விரைந்து வந்து, மூடியைத் திறந்து, கழுத்துவரை வெந்நீரை நிரப்பினார். நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பூன் முதலாளி கண்களைத் திறந்தார். "உன்னை யாரு தொடச் சொன்னது?" என்றார். குரல் உயரவில்லை, அதனாலேயே பக்கத்து மேசைகள் அடங்கின. ஊரைவிட்டுக் கிளம்பிய வருடம் மனைவியும் தாமும் சேர்ந்து வாங்கிய தேயிலைக் கட்டியின் கடைசிக் கிள்ளு அது என்றும், கடல் தாண்டிப் போய்க் கடல் தாண்டித் திரும்பியது என்றும், தண்ணீர் சரியாகக் கொதிக்கும் இடம் என்று நம்பி இங்கே கொண்டுவந்ததாகவும் சொன்னார். கடை முதலாளியைக் கூப்பிடு என்றார். மேலாளர் கையில் மூடியோடு நின்றார். அவருடைய காதுகள் சிவந்தன.

அக்கா வந்தார். கெண்டியைப் பார்த்தார். மூடியைப் பார்த்தார்.

"குருவி எந்தப் பக்கம் பறந்துச்சு, தம்பி?"

மேலாளர் கையிலிருந்த மூடியைக் குனிந்து பார்த்தார்.

"இது மூணாவது புகார். உன் அளவுக்கு ரப்பர் கையுறை இருக்கான்னு பாக்கணும்" என்றார் அக்கா. கூடம் சிரித்தது. அவர் விரும்பியிருந்தால் அத்தோடு விட்டிருக்கலாம். மேலாளரைப் பூன் முதலாளியே பார்த்துக்கொண்டிருப்பார். அக்கா மூடியை வாங்கவில்லை. பூன் முதலாளியின் பக்கம் குனிந்தார்.

"அழகா" என்றார். அந்த மனிதர் இங்கே முதன்முதலாக அழகன் ஆனது அன்றுதான். "நல்ல போலேய் ஒரு தண்ணிக்கெல்லாம் செத்துடாது. ஆனா இவ்வளவையும் நீங்க ஒருத்தர் குடிக்க முடியாது. ஊத்தட்டுமா?"

பூன் முதலாளி ஒரு கையால் கெண்டியைப் பொத்தினார். பிறகு அதன்மேலிருந்த கையை எடுத்தார்.

அக்கா அவருக்கு முதலில் ஊற்றினார், அடுத்து எனக்கு, அடுத்து செய்தித்தாள் கிழவருக்கு, பின்னர் பக்கத்து மேசைத் தையற்காரர்களுக்கு. ஒவ்வொரு கோப்பைக்கும், "பூன் முதலாளி குடுக்கறாரு" என்றார். ஒவ்வொரு கோப்பையின் பக்கத்திலும் இரண்டு விரல்கள் மேசையைத் தட்டின. தட்டுபவர்கள் அக்காவைப் பார்த்துத் தட்டவில்லை. பூன் முதலாளியைப் பார்த்துத் தட்டினார்கள். உண்மையைச் சொன்னால், நான் அருந்தியது நிறமேறிய வெந்நீர். அதை ஒருவரும் வெளியே சொல்லவில்லை. செய்தித்தாள் கிழவர் பையிலிருந்து பற்களை எடுத்து மாட்டிக்கொண்டு, "அப்பல்லாம் எந்தத் தெருவுல வாங்குவீங்க?" என்று கேட்டார். பூன் முதலாளி தெருவின் பெயரைச் சொன்னார். பிறகு கடைக்காரரின் பெயரை. பிறகு தம் மனைவி அந்தக் கடைக்காரரிடம் பேரம் பேசிய விதத்தை. கூடம் பாதி காலியான பின்னும் அவர் பேசிக்கொண்டிருந்தார். கடை முதலாளியை யாரும் கூப்பிடவில்லை.

அன்று மதியம் மேலாளர் சட்டைக் கைகளை மடித்துக்கொண்டு பின்கட்டில் கிண்ணம் கழுவினார் என்று சமையலறையிலிருந்து ஒரு செய்தி வந்தது. அதன் உண்மையை நான் விசாரிக்கவில்லை. கதவில் ஒட்டிய விதி கிழிக்கப்பட்டிருந்ததை மட்டும் கண்ணால் கண்டேன்.

மறுநாள் காலை பூன் முதலாளி மீண்டும் காலிக் கெண்டி கேட்டார். செய்தித்தாளை விரித்துக் கெண்டியை மறைத்துக்கொண்டு ஏதோ செய்தார்; பிறகு மூடிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்கா கெட்டிலோடு வந்து நின்றார். மூடி மூடியபடி இருந்தது. தூரத்தில் மேலாளர் டோ இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். எங்கள் மேசையில் யாரும் மெல்லவில்லை.

பூன் முதலாளி கையை நீட்டினார். மூடியைத் தூக்கி, விளிம்பில் பதமாகச் சாய்த்து வைத்தார். வைத்துவிட்டு, இதற்கும் தமக்கும் தொடர்பில்லை என்பதுபோலச் சன்னலைப் பார்த்தார்.

கெட்டிலைச் சாய்க்கப்போன அக்காவின் கை பாதியில் நின்றது. கெண்டியின் அடியில், பலகாரம் குறிக்கும் சீட்டை மடித்துச் செய்த ஒரு காகிதக் குருவி, ஒரு பக்க இறகு கோணலாக, உட்கார்ந்திருந்தது.

அக்கா இரண்டு விரல்களால் அதைத் தூக்கினார். தலையிலிருந்த சிவப்புக் கவ்வியில், பேனாவுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டார். பிறகு, ஒரு முழ உயரத்திலிருந்து, ஒரு துளி தெறிக்காமல், வெந்நீரை ஊற்றத் தொடங்கினார்.