நாலு சாத்தே குச்சி

எண்பதுகளின் நடுவில், கிள்ளானில் நடந்தது இது. ஷா ஆலமில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் நானும் என் பக்கத்து வீட்டுத் தோழியும் வேலை பார்த்தோம். ஒரு நாள் ஆள் குறைப்பு என்று சொல்லி இரண்டு பேர் கையிலும் கடிதத்தைக் கொடுத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் லோரி ஓட்டினார், அதனால் எங்கள் வீட்டில் சோற்றுக்குக் குறையில்லை. அவளுக்கு அப்படி இல்லை. புருஷன் இறந்துவிட்டார். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். என்னைவிட இரண்டு வயது சின்னவள், வாய் நிறைய அக்கா என்பாள்.

வீட்டிலிருந்தபடியே கேக் செய்து விற்கலாம் என்று ஆரம்பித்தோம். கேக் அலங்காரம் சொல்லிக்கொடுக்கும் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் தொங்கும். மாதாமாதம் ஆளுக்குப் பாதி போட்டு வாங்குவோம். நான் ஃபாரம் த்ரீ, அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை ஆங்கிலப் பள்ளியில் படித்தவள். நான் படித்துச் சொல்வேன், அவள் செய்வாள். அவள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டவள், ஆனால் கை அவளுடைய கைதான். நான் ஐசிங் பிழிந்தால் முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும். அவள் பிழிந்தால் ரோஜா. பிறந்தநாள் கேக் ஆர்டர் வர ஆரம்பித்ததே அந்த ரோஜாவுக்காகத்தான்.

அந்தப் பத்திரிகைக்காரன் கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் போட்டான். அப்புறம் புத்தி மாறிவிட்டது. ஒரு மாதம் கல்யாணத்துக்கு இரண்டடுக்குக் கேக் பாடம் வந்தது. கீழே ஒரு கேக், அதன்மேல் நாலு வெள்ளை பிளாஸ்டிக் தூண், தூண்மேல் இன்னொரு கேக். மாவு கலப்பது, சுடுவது, ஐசிங் பூசுவது எல்லாவற்றுக்கும் படம் போட்டிருந்தான். கடைசியில் முழுக் கேக்கையும் பக்கம் முழுக்க கலரில் போட்டிருந்தான். தூணை எப்படி நிறுத்துவது என்பதை மட்டும் போடவில்லை. அந்த இடத்தில் ஒரு கட்டம் கட்டி, இதற்கு எங்கள் வீடியோ கேசட்டை வாங்குங்கள் என்று விலையும் ஆர்டர் படிவமும் போட்டிருந்தான். காசு கொடுத்து வாங்கின புத்தகத்துக்குள்ளேயே இன்னொரு கல்லாப்பெட்டி வைத்திருந்தான்!

நான் காட்டுக் கத்தல் கத்தினேன். கொள்ளைக்காரன், ஏழையிடம் வித்தையைப் பாதி காட்டி மீதியை ஒளிக்கிறவன் என்றேன். அவள் சிரித்தாள். "விடுங்கக்கா. நமக்கு எவன் ரெண்டடுக்கு ஆர்டர் கொடுக்கப் போறான்லா?"

அவ்வளவு திட்டின நானே, அடுத்த மாதம் அந்தக் கேசட்டைப் புத்தகக் கடைக்காரர் மூலம் வரவழைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இத்தனை வருஷம் யோசித்திருக்கிறேன். ரோஜா அவளுக்கு வந்தது, எனக்கு வரவில்லை. ஒன்றாவது எனக்கு மட்டும் தெரியட்டும் என்று நினைத்தேன். வேறு நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

எங்கள் வீட்டில் வீடியோ பெட்டி கிடையாது. படக் கேசட் வாடகைக்கு விடும் கடைக்காரரிடம் கேட்டேன். மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் போட்டுக் காட்டினார். அவரும் கூடவே உட்கார்ந்து பார்த்தார். "என்னக்கா இது, பாட்டும் இல்ல, ஃபைட்டும் இல்ல. வெள்ளைக்காரம்மா கேக்குக்கு ஊசி போடுறாங்க" என்று கிண்டல் வேறு.

ஊசிதான். ஒரு மணி நேரக் கேசட்டில் விஷயம் அரை நிமிஷம். தூண்களின் உள்ளே ஓட்டை இருக்கும். ஒவ்வொரு தூணுக்குள்ளும் ஒரு மரக் குச்சி. அது கீழ்க் கேக்கைத் துளைத்து அடிப்பலகையில் போய் நிற்க வேண்டும். குச்சியின் மேல் நுனியைத் தூணின் தலைக்குச் சமமாக வெட்டிவிட்டால் மேல் கேக்கின் பாரம் குச்சியில் இறங்கும், கேக்கில் இறங்காது. இறைச்சித் துண்டுகளைக் கோர்த்துக் கரியில் சுடும் நம் ஊர் சாத்தே குச்சியே போதும். நாலு குச்சி, முடிந்தது. நான் கேசட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அரிசி டின்னுக்குள் ஒளித்துவைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவளுக்கு ஆர்டர் வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த ஒரு குடும்பம், அவள் ஜெபத்துக்குப் போகும் கிறிஸ்தவ சபைக்காரர்கள். மகள் கல்யாணத்துக்கு இரண்டடுக்குக் கேக். இது நன்றாக அமைந்தால் சபையில் அடுத்தடுத்து நாலைந்து கல்யாணம் இருக்கிறது, திரும்பத் தொழிற்சாலை வாசலில் போய் நிற்க வேண்டாம் என்று என் வீட்டு வாசலில் நின்று மூச்சு விடாமல் சொன்னாள். அப்புறம் கேட்டாள்.

"அக்கா, அந்தத் தூணு எப்படி நிக்குதுன்னு புத்தகத்துல இன்னொரு தரம் பாருங்களேன்."

"புத்தகத்துல போடலையே. வீடியோ வாங்கணுமாம்" என்றேன்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அவள் நாலு தூண் வாங்கிவந்து, தன் புத்திக்கு எட்டியபடி அடியில் கெட்டி ஐசிங் தடவி ஒட்டிப் பார்த்தாள். காலை நேரம், வெயில் ஏறவில்லை, பத்து நிமிஷம் நின்றது. "நின்னுருச்சுக்கா!" என்று சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள். நானும் நல்லா இருக்கு என்றேன்.

கல்யாணத்தன்று நானும் அவளோடு போனேன். வேனில் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸ் வரை ஒரு பள்ளம் விடாமல் பயந்துகொண்டே போனோம். சபை மண்டபத்தில் நல்ல புழுக்கம். அவள் தூண்களை ஒட்டி, மேல் கேக்கை ஏற்றி வைத்தாள். பட்டர் கேக், பட்டர் ஐசிங், அந்தச் சூட்டில் அது எவ்வளவு நேரம் தாங்கும்? எனக்குத் தெரியும். மண்டபத்தின் பின்பக்கம் விருந்துக்கு வந்த சாத்தேக்காரர் கரி மூட்டிக்கொண்டிருந்தார். அவர் மேசையில் புதுக் குச்சி ஒரு கட்டு, நூல்கூடப் பிரிக்காமல் இருந்தது. நான் அதைக் கடந்துதான் தண்ணீர் எடுக்கப் போனேன், கடந்துதான் திரும்பி வந்தேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வந்தது. ஆனால் சொன்னால், இது உங்களுக்கு எப்படித் தெரியும், எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

பொண்ணும் மாப்பிள்ளையும் கத்தியைப் பிடிக்க வந்தபோது இரண்டு தூண்கள் கீழ்க் கேக்குக்குள் மெதுவாக இறங்கின. மேல் கேக் ஒரு பக்கம் சாய்ந்து, வழுக்கி, மேசை ஓரத்தில் இடித்துத் தரையில் விழுந்தது. பிள்ளைகள் சிரித்தன. யாரோ, "பரவாயில்லலா, கீழ் மாடி இருக்கு, வெட்டுங்க" என்றார், அதற்கும் சிரித்தார்கள். பொண்ணின் அம்மா சிரிக்கவில்லை. "நம்ம சபைப் பிள்ளையாச்சேன்னு கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அவள் தரையில் உட்கார்ந்து, தான் பிழிந்த ரோஜாக்களைக் கையாலேயே வழித்து ஒரு தட்டில் போட்டாள். நான் துணி எடுத்து வந்து கூடத் துடைத்தேன். துடைக்க மட்டும் முன்னால் நின்றேன்.

அதன்பிறகு சபையிலிருந்து யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை. எங்கே தப்பு நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும் அவளை விடவில்லை. அந்தக் கேக் கேசட் வாடகைக்குக் கிடைக்குமா என்று வீடியோ கடையில் போய்க் கேட்டிருக்கிறாள். கடைக்காரர் பாவம், எதுவும் தெரியாதவர். "அந்த வெள்ளைக்காரம்மா குச்சி குத்துற டேப்பா? உங்க கூட்டாளி அக்காகிட்டதான இருக்கு. நோன்புப் பெருநாளுக்கு முன்னாடியே இங்க போட்டுப் பார்த்தாங்களே!"

நேராக என் வீட்டுக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாசலிலேயே நின்றாள்.

"எத்தனை குச்சி?"

"நாலு."

"என்ன குச்சி?"

"சாத்தே குச்சி போதும்."

"அன்னிக்கு ஹால்ல இருந்துச்சே" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. கையிலிருந்த பிளாஸ்டிக் பையைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். உள்ளே அந்த நாலு தூண்களையும் கழுவித் துடைத்து வைத்திருந்தாள்.

அவள் மறுபடி கேக் செய்யவில்லை. ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலைக் கழிவறைகளைக் கழுவும் வேலைக்குப் போனாள். பெரிய பெண் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். ஒரு தடவை பஸ் நிலையத்தில் எதிரே வந்தாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் பஸ் வராத பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். பிறகு பிள்ளைகளோடு காஜாங் பக்கம் குடிபோய்விட்டாள், முகவரி கிடைக்கவில்லை. நான் அதற்குப் பிறகும் பல வருஷம் அடுக்குக் கேக் செய்து விற்றேன். ஒன்றுகூடச் சாயவில்லை.

அந்தப் பத்திரிகைக்காரனை நான் இன்னும் திட்டத்தான் செய்கிறேன், ஆனால் பாதியிலேயே வாய் நின்றுவிடுகிறது. அவனாவது ஒளித்து வைத்ததற்கு ஒரு விலையை அச்சடித்துப் போட்டான், கொடுத்தால் அவளுக்கும் கிடைத்திருக்கும். நான் ஒளித்ததை அவள் என்ன விலை கொடுத்தும் வாங்கியிருக்க முடியாது என்பதுதான், ஒவ்வொரு சாத்தே குச்சியையும் கையில் எடுக்கும்போது எனக்கு இன்றும் குத்துகிறது.