கறுப்பு கிதார் வந்த மறுநாள்

போன வாரம் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தபோது மிக்சியின் பிளக் கருகிவிட்டது. எலக்ட்ரீஷியன் வந்தார், வேறு மாட்டினார், பத்து நிமிஷத்தில் போயும்விட்டார். வாசனைதான் போகவில்லை. அந்த வாசனை உங்களுக்கும் தெரிந்திருக்கும். நகத்தைத் தீயில் காட்டியதுபோல, அதோடு கொஞ்சம் மீன் வாடையும் கலந்ததுபோல இருக்கும். கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், வாழ்க்கைப்பட்டவளுக்கு மீன் வாடை ஒன்றும் புதிதில்லை. ஆனாலும் ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டேன். எழுபத்தெட்டு வயதில் ஒரு பிளக்குக்குப் பயந்து தெருவில் நிற்கிறவளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அறுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணமாயிற்று. பிறந்த வீடு சிதம்பரம், கீழவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில். புகுந்த வீடு ஓ.டி. அவர் துறைமுகத்தில் வேலை பார்த்தார். வந்து இறங்கும் மரக்கட்டைகளை அளந்து எழுதுவது அவர் வேலை. எனக்கு என்.டி.யில், புது டவுனில், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு லைன் கொடுத்துக்கொண்டே இருப்பேன்.

கல்யாணத்துக்கு முந்தின வருஷம் என் தம்பி கலியமூர்த்தி காலேஜ் ஹாஸ்டலிலிருந்து ஒரு நண்பரை வீட்டுக்கு அழைத்து வருவான். பரராஜசிங்கம் என்று பெயர், யாழ்ப்பாணத்துக்காரர். வரும்போதெல்லாம் ஒரு சாதாரண கிதாரும் கூட வரும். அவர் சாப்பிட்டுக் கை கழுவப் போகிற இடைவெளியில் நான் அதைத் தொட்டுப் பார்ப்பேன். அதைக் கண்டுகொண்டவர் மூன்று ஸ்வரக்கட்டுகளை, 'கார்டு' என்பார்களே அவற்றை, விரல் வைத்துக் காட்டினார். அப்பா பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். வீணைக்கு வெள்ளைக்காரத் தங்கச்சி என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, ஒன்றும் சொல்லமாட்டார். நான் கற்றது அந்த மூன்றுதான். அந்த மூன்றுக்குள் அடங்காத பாட்டெல்லாம் எனக்கு வேண்டாத பாட்டு.

இதை வேடிக்கைக் கதையாகத்தான் கணவரிடம் சொன்னேன். அவர் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. சில மாதம் கழித்துத் தம்பியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பரராஜசிங்கம் பரீட்சை முடித்து ஊருக்குக் கப்பலேறப் போகிறார், அவரிடம் இப்போது இரண்டு எலக்ட்ரிக் கிதார் இருக்கின்றன, ஒன்றை ஆம்ப்ளிஃபயரோடு விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவார், அக்காவுக்கு வேண்டுமா என்று கேட்டிருந்தான். இவர் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, "சனிக்கெழம லீவு போட்டுடு" என்றார்.

பெண்கள் ஹாஸ்டலுக்குள் போக முடியாது. அதனால் இரண்டு கிதாரும் பெட்டியும் சைக்கிள் ரிக்‌ஷாவில் அப்பா வீட்டுக்கே வந்து சேர்ந்தன. பெட்டி என்றால், ஒரு பழைய ரேடியோவின் உள்ளுறுப்பைப் பிடுங்கிப் பிளைவுட்டுக்குள் வைத்து முன்னால் ஒரு ஸ்பீக்கரைப் பொருத்தியிருந்தார்கள். ஹாஸ்டலிலேயே யாரோ செய்தது. பின்பக்கம் எட்டிப் பார்த்தால் வால்வுகள் செவசெவவென்று எரியும்.

ஒரு கிதார் சிவப்பு. கிரகண நேரத்துச் சூரியன் மாதிரி ஓரமெல்லாம் கறுத்து நடுவில் தகதகத்தது. அதில் நாலைந்து ஸ்விட்ச், எதற்கென்று யாருக்கும் தெரியாது. இன்னொன்று வெறும் கறுப்பு, ஒரே ஒரு திருகு. எனக்குச் சிவப்பிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. பெட்டியில் சொருகிக் கொடுத்தார்கள், கம்பியைத் தட்டினேன். அப்பா வீட்டுக் கூடமே அதிர்ந்தது, பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதது. எனக்குப் புல்லரித்துப்போயிற்று.

நிதானமாகப் பார்க்க நேரமில்லை. நாலு மணிக்குப் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு ஆர்க்கெஸ்ட்ராக்காரர் வருகிறார், அவர் இரண்டையுமே கேட்கிறார் என்று தம்பி வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தான். மணி அப்போது மூன்றரை.

நான் சிவப்பு என்று வாயெடுப்பதற்குள் இவர் அதை வாங்கி, தலைப்பக்கத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தார். மரக்கட்டையைப் பார்க்கிற அதே பார்வை. பிறகு கறுப்பையும் அப்படியே பார்த்தார்.

"செவப்பு வளஞ்சிருக்கு. கம்பி பலகைய விட்டு எழும்பி நிக்குது, பாரு. அமுத்துனா வெரல் போயிடும். கறுப்பு நேரா இருக்கு."

பரராஜசிங்கம் சிவப்பை வாங்கி அதேபோல நீளவாக்கில் பார்த்தார். "அண்ணை சொல்லுறது சரிதான்" என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சங்கீதத்தில் ஸ வுக்கும் ப வுக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷர், நான் ஆசைப்பட்டதைக் கட்டைக் கணக்கில் தள்ளிவிட்டாரே என்று இருந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கறுப்புக்குத் தலையாட்டினேன். அவர் ஸ்டேஷனுக்கு ஜட்கா பிடித்து வர வெளியே போனார். அப்போதுதான் பரராஜசிங்கம் பெட்டியின் ஒயரை என்னிடம் நீட்டினார். அந்தக் காலத்து இரண்டு முள் பிளக்கின் ஒரு பக்கத்தில் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்திருந்தது.

"அக்கா, இந்தப் புள்ளி எப்பவும் மேலைதான் இருக்கோணும். மாறிப் போட்டா கிதார்க் கம்பியிலை கரண்ட் வரும். மறந்திடாதேங்கோ."

சரி என்றேன். காது அங்கே இருந்தது, மனசு சிவப்பு கிதாரிடம் இருந்தது. நாங்கள் எல்லோரும் கிதாரைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பெட்டியை ஒருவரும் பார்க்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. காலையில் என் மாமியார் கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார், சிமெண்டுத் தரை இன்னும் ஈரமாக இருந்தது. நான் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள்ளிருந்து ஓர் உறுமல் கேட்டது. அவர் போட்டுப் பார்க்கிறார் என்று சிரித்துக்கொண்டேன். உறுமல் நிற்கவில்லை. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, ஒரே சீராகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்போதுதான் புள்ளி ஞாபகம் வந்தது.

ஓடினேன். வெறுங்காலோடு நின்றிருந்தார். இடது கை கிதாரின் கழுத்தைப் பிடித்தபடி இறுகிப்போயிருந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பிடித்து இழுக்க இரண்டு கையையும் நீட்டினேன்.

பின்னாலிருந்து என் பின்னலைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். சுவரில் போய் விழுந்தேன்.

"தொடாதடி" என்றார் மாமியார். கத்தவில்லை. சமையலறை மணைக்கட்டையை எடுத்துவந்து, ஒயர் சுவரில் நுழைகிற இடத்தில் ஓங்கி ஓர் அடி அடித்தார். பிளக் தெறித்து விழுந்தது. என் கணவரும் விழுந்தார்.

அவர் மூச்சு விடுவது தெரிந்த பிறகுதான் மாமியாரும் தரையில் உட்கார்ந்தார். ஐஸ் கம்பெனியில் ஒருவனைக் கரண்டு பிடித்திருந்தபோது இன்னொருவன் போய்ப் பிடித்தான், இரண்டு பேருமே போய்விட்டார்கள், என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னார். அந்தப் பிளக்கின் வாசனை வீட்டுக்குள் மூன்று நாள் இருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு மறுநாளே அனுப்பிவிட்டார்கள். இடது கையின் நான்கு விரல்களிலும் குறுக்கே கம்பி வைத்துச் சுட்டதுபோலக் கோடு கோடாக இருந்தது. ஓ.டி.யே வந்து பார்த்துவிட்டுப் போனது. வந்தவர்களிடமெல்லாம் மாமியார், "சிலோன்காரன் ஏமாத்திட்டான்" என்று சொன்னார். தம்பி வந்தான். அவன் விலாசத்துக்கு எழுதிக் கண்டபடி கேட்கப்போகிறேன் என்றான். நான் காபி கலந்து கொடுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மனுஷர் மறந்திடாதேங்கோ என்று கெஞ்சிச் சொன்னதை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. என் மறதியால் புருஷன் சாகப் பார்த்தார் என்று தெரிந்தால் இந்த வீட்டில் எனக்கு என்ன இடம்? எக்ஸ்சேஞ்சில் இரண்டு தடவை தப்பான லைன் கொடுத்து வசவு வாங்கினேன்.

ஐந்தாம் நாள் அவருக்குக் கட்டுப் பிரித்து மருந்து போடும்போது அந்தக் கோடுகளைப் பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை.

"ஒண்ணு சொல்லணுங்க. பிளக்குல புள்ளி மேல இருக்கணும்னு அவரு சொல்லித்தான் குடுத்தாரு. நான் உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்."

அவர் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "புள்ளிய மேல வச்சுத்தான் போட்டேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஜட்காவ நிறுத்திட்டு ஜன்னலாண்டதான நின்னேன். காதுல விழுந்துச்சு."

நான் நம்பவில்லை. என்னைத் தேற்றுவதற்குப் பொய் சொல்கிறார் என்றே நினைத்தேன். முன்னைவிட அதிகமாக அழுகை வந்தது. மறுநாள் வேலையிலிருந்து திரும்பும்போது நேரே ரேடியோ ரிப்பேர் கடை கவுஸ் பாயிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் டெஸ்டரை எடுத்துக்கொண்டு என்னோடு வீட்டுக்கே வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தார். சிதம்பரம் வீட்டில் ஸ்விட்ச்போர்டு எப்படி இருந்தது என்று கேட்டார். பிறகு எங்கள் சுவரில் இருந்த இரண்டு ஓட்டைகளிலும் மாற்றி மாற்றி டெஸ்டரை வைத்தார். வலது ஓட்டையில் சின்னதாக ஒரு சிவப்பு வெளிச்சம் வந்தது.

"ஒயர்காரன் ஒவ்வொரு வூட்லயும் அவன் இஷ்டத்துக்கு இழுத்திருப்பாம்மா. அந்த வூட்ல எடது பக்கம் கரண்டு இருந்திருக்கும், இங்க வலது பக்கம். புள்ளியப் பாத்து சரியாப் போட்டதாலதான் அடிச்சிருக்கு. தப்பாப் போட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

கட்டிலில் படுத்திருந்தவர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

கிதார் நல்ல கிதார்தான், பெட்டிதான் ஆகாது என்றார் பாய். டிரான்ஸ்பார்மர் வைத்துப் புதிதாகச் செய்ய வேண்டும், மூன்று முள் பிளக் போட்டு, ஒரு முள்ளுக்குச் செம்புக் கம்பி இழுத்து மண்ணில் இறக்க வேண்டும் என்றார். "வெயிட்டு ஜாஸ்தியா இருக்கும். உசிரு பத்திரம்."

மாமியார் அதற்கப்புறம் சிலோன்காரனைத் திட்டவில்லை. "அந்தப் புள்ளைக்கு எழுதிப் போடு, வேற யாருக்காவது இப்பிடிப் பொட்டி குடுத்திருந்தா வாங்கி ஒடைக்கச் சொல்லு" என்றார். எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அண்ணையின் காலில் விழுந்ததாக நினைத்துக்கொள்ளுங்கோ என்று எழுதியிருந்தார். வருஷத்துக்கு ஒரு கடிதம் வந்துகொண்டிருந்தது. பிறகு அந்த ஊரில் எரிந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். கடிதம் நின்றுபோயிற்று.

பாய் செய்த பெட்டி வந்து இறங்கி இரண்டு மாதமாகியும் நான் கிதாரைத் தொடவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. ஒரு நாள் சாயங்காலம் சாப்பாட்டு நாற்காலியைத் தூக்கி ஸ்விட்சுக்குப் பக்கத்தில் போட்டார். காலில் புது ரப்பர் செருப்பு. அதேபோல எனக்கும் ஒரு ஜோடி வாங்கி வைத்திருந்தார். உட்கார்ந்து, நான்கு கோடு விழுந்த கையை ஸ்விட்ச்மேல் வைத்துக்கொண்டு, "நீ வாசி. நான் இங்க இருக்கேன்" என்றார்.

அன்றைக்கு என் மூன்று ஸ்வரக்கட்டையும் வாசித்தேன். நடுக்கத்தில் மூன்றும் ஒன்றுபோலக் கேட்டன. அவருக்கு எப்போதுமே அப்படித்தான் கேட்கும். அதற்குப் பிறகு நாற்பத்தோரு வருஷம், மூன்று வீடு மாறியும், நான் கிதார் எடுத்தால் அவர் ஸ்விட்சுக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். கடைசியில் வாங்கிய பெட்டிக்கு பேட்டரியே போதும், சுவரில் சொருகவே வேண்டியதில்லை. அதற்கும் உட்கார்ந்தார். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஒரே கேள்விதான். நல்லாயிருக்கு, நல்லாயில்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

"போதுமா? அணைக்கவா?"

துறைமுகத்துக்கு இப்போது மரக்கட்டை வருவதில்லை. கவுஸ் பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. மாமியார் போய் வெகுகாலமாயிற்று. இவர் போய்ப் பன்னிரண்டு வருஷம். சில சாயங்காலங்களில் நான் இன்னும் வாசிக்கிறேன். பாட்டு முடிந்த பிறகு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். யாரும் கேட்பதில்லை. நானேதான் எழுந்துபோய் அணைக்கிறேன்.