பதினாறு கேள்வி அக்கா

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். வாங்கிய வேகத்தில் கிடைத்த முதல் வேலையை எட்டாவது மாதமே விடப்போனவனும் நான்தான். அப்போதுதான் அலுவலகத்தில் அக்காவை முதன்முதலாகப் பார்த்தேன். நான்காவது மாடி மூலையறை, இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி. வேலையை விடுகிறவர்களிடம் பதினாறு கேள்வி கேட்டுப் படிவம் நிரப்புவது அவர் வேலை. ஒன்பதாவது கேள்வி, அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பது. தெரியவில்லை என்றேன். அக்கா பேனாவை மூடினார்.

"தெரிஞ்சதும் வாப்பா. நான் எங்கே போயிடப்போறேன்?"

ராஜினாமாக் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து நான் அவருக்குத் தம்பி.

பதினோரு வருடத்தில் அறுநூறு பேரை வழியனுப்பியவர். முதல் கேள்விக்குப் பொய் சொல்வார்கள், ஏழாவதற்கு அழுவார்கள் என்பது அவர் கணக்கு. ஆறாவதிலேயே டிஷ்யூ பெட்டியை முன்னால் தள்ளிவிடுவார்.

அவருக்கே ஒரு சிக்கல் வந்தது. அவர் தங்கை மழலையர் பள்ளி தொடங்கி, அதில் ஆசிரியையாக வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுக்கா, இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று கெடு வைத்துவிட்டாள். அக்காவுக்குப் போகவும் மனம் வரவில்லை, இருக்கவும் பிடிக்கவில்லை. வியாழன் மதியம் என்னைக் கூப்பிட்டுத் தன் நாற்காலியில் உட்காரவைத்தார்.

"கேளுடா."

"நானா?"

"என் முன்னாடி உக்காந்து பதில் சொல்லிட்டும் இங்கேயே இருக்கிறவன் நீ ஒருத்தன்தான்."

ஏன் போகிறீர்கள் என்று தொடங்கினேன்.

"புது அனுபவத்துக்காக... வேணாம், அடிச்சிடு. இந்தப் பொய்யை நானே இருநூறு தடவை எழுதியிருக்கேன்."

ஆறாவதில் பெட்டியைத் தள்ளினேன். "எங்கிட்டயேவா?" என்று திருப்பித் தள்ளினார். பதினாறாவது கேள்விக்கு வந்தேன். என்ன செய்தால் இங்கேயே இருப்பீர்கள்?

"நான் எழுதினதை யாராவது ஒருத்தர் படிச்சாப் போதும்" என்றார் மெதுவாக. "அப்படியே எழுது. மேனேஜர் படிச்சுட்டு ஒரு வார்த்தை கேட்டார்னா இருந்துடறேன்."

படிவத்தோடு இருவருமாக மேலாளர் அறைக்குப் போனோம். மேலாளர் போனில் பேசிக்கொண்டே கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டார். அப்புறம்தான் நிமிர்ந்தார்.

"யாரும்மா போறாங்க?"

"நான்தான் சார்" என்றார் அக்கா.

லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதே தங்கைக்குப் போன் செய்துவிட்டார்.

இப்போது தங்கையின் பள்ளியில் மூன்று வயதுக் குழந்தைகளின் வகுப்பு அக்காவிடம் இருக்கிறது. காலை எட்டு மணிக்குப் போய் ஒரு மணிக்கு வீடு திரும்புகிறார்.