மைலோ டின்னுக்குள் விழுந்த சிவப்பு

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ல, ள, ழ மூன்றும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான்; படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராத எனக்கு இதைச் சொல்ல வேறு வழியும் இல்லை.

அப்போது ஜொகூர் பாருவுக்கு வெளியே, செனாயில் குடியிருந்தோம். அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். எங்களோடு இருந்த அப்பாவின் தங்கை, என் அத்தை, சிடி பிளேயர் செய்யும் ஃபேக்டரியில் வேலை செய்தார். மற்றவர்கள் ஓய்வு நாளில் படம் பார்ப்பார்கள். அத்தை லேசர் செய்தார்.

பழைய இரும்புக் கடையில், பேரங்காடியில் விலை படிக்கும் கருவிகள் இரண்டு உடைந்த நிலையில் கிடைத்தன. அவற்றுக்குள் மிளகு அளவில் இருந்த துண்டுதான் லேசர். முதல் துண்டை நேரே பேட்டரியோடு இணைத்தார். ஒரு சிமிட்டல், அவ்வளவுதான், செத்துவிட்டது. பச்சைப் பிள்ளைக்குப் பால் புகட்டுவதுபோல் அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்க வேண்டுமாம். அதற்கென ஒரு சர்க்கியூட் செய்து, லேசர் இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண டையோடை வைத்து, வாரக்கணக்கில் மீட்டரால் அளந்த பிறகே இரண்டாவது துண்டைத் தொட்டார்.

பிஸ்கட் டின்தான் பெட்டி. பழைய மோட்டார் சைக்கிளின் சாவி சுவிட்ச்தான் பூட்டு. சாவி அத்தையின் கழுத்துச் சங்கிலியில் தொங்கும். ஒளி போய் முடிவதற்கு எதிரே ஒரு காலி மைலோ பானத்தூள் டின், உள்ளே கறுப்புச் சாயம் அடித்தது. முகம் பார்க்கும் கண்ணாடி, எவர்சில்வர் எதுவும் குறுக்கே வரக்கூடாது. சாவி திரும்பும்போது எல்லாரும் அத்தையின் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

"பேட்டரி போனா வாங்கிக்கலாம். கண்ணு போனா எந்தக் கடையிலடா வாங்குவ?" என்பார்.

அந்த வருடம் ஃபேக்டரியில் அத்தையை டெக்னீஷியன் படிப்புக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ஜொகூர் பாருவில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். அப்பா முடியாது என்றார். லாபிஸில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"நானே செஞ்ச லேசர் எரிஞ்சா போக விடுவீங்களாண்ணே?"

"எரியட்டும், பாக்கலாம். எரியலனா லாபிஸுக்குப் போன் போட்டுருவேன்."

விஜயதசமி காலை என்று பேச்சு முடிந்தது. சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் அத்தை சோதித்தபோது, டின்னுக்குள் சிவப்புப் புள்ளி விழுந்ததை நானும் பார்த்தேன். அதனால் எனக்குக் கவலையே இல்லை.

பூஜையன்று அப்பாவின் ஸ்பானர்கள், அம்மாவின் தையல் மெஷின், என் புத்தகங்கள் எல்லாம் சாமி முன்னால் போயின. நடுவில் பிஸ்கட் டின். மறுநாள் பூஜை முடியும்வரை யாரும் எதையும் தொடவில்லை.

விஜயதசமி காலையில் அம்மா சாம்பிராணி போட்டார். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டோம். பக்கத்து வீட்டு மாமாவும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். அத்தை சாவியைத் திருப்பினார்.

ஒன்றும் வரவில்லை.

"அலமாக்! இதுக்கா இத்தன மாசம்?" என்றார் மாமா, மலாய்க்காரர்களின் 'அடடா'வோடு. "என் டார்ச்லைட்ட வேணா தரட்டா?"

அப்பா விறுவிறுவென்று பெட்டியின் முன்னால் போய், ஒளி வரும் ஓட்டைக்குள் பார்க்கக் குனிந்தார்.

"அண்ணே! பின்னால வாங்க!"

அத்தை அப்பாவிடம் குரல் உயர்த்தி அதுவரை யாரும் கேட்டதில்லை. அப்பா நிமிர்ந்தார். வந்து அத்தையின் பின்னால் நின்றார்.

அத்தை அவசரப்படவில்லை. சாவியை உருவினார். பேட்டரிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அதற்கப்புறம்தான் பெட்டியைத் தன் பக்கம் திருப்பினார். ஓட்டையை மூடியிருந்த சின்னக் கண்ணாடியின் மேல், கச்சிதமாக, காய்ந்த சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

எல்லாரும் அம்மாவைப் பார்த்தோம்.

"எல்லாத்துக்கும் வச்சேன், அதுக்கும் வச்சேன்," என்றார் அம்மா. "அதுக்கு நெத்தி எதுன்னு எனக்கெப்படித் தெரியும்?"

அத்தைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, பேட்டரிகளைப் போட்டார். நாங்கள் எல்லாரும் பின்னால் இருக்கிறோமா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினார்.

சாம்பிராணிப் புகைக்குள் ஒரு சிவப்புக் கோடு பாய்ந்தது. முன்பு புள்ளியை மட்டும் பார்த்திருந்த எனக்கே அது புதுசு. பெட்டியிலிருந்து டின்வரை நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. புகை சுருளச் சுருள மின்னியது. நான் போட்ட கூச்சலில் தெரு நாயெல்லாம் குரைத்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அலமாக்," என்றார் மாமா மறுபடியும். இந்தத் தடவை மெதுவாக.

அப்பா அந்தக் கோட்டைப் பார்த்தபடியே, "ஹாஸ்டல்ல சோறு நல்லா இருக்குமா?" என்று கேட்டார்.

அத்தை சாவியை எடுத்துச் சங்கிலியில் மாட்டினார். கோடு மறைந்துவிட்டது. திரைகளையும் விலக்கியாயிற்று. அப்போதும் அப்பா தங்கையின் முதுகுக்குப் பின்னாலேயே, அவர் நிற்கச் சொன்ன இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கண்ணுக்குப் பயந்துதான் அப்படி நிற்கிறார் என்று நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

நேற்று, சரஸ்வதி பூஜையன்று, இதை எழுத உட்கார்ந்தேன். பேனா சாமியிடம் இருக்கிறது என்று மகள் தடுத்துவிட்டாள். அதனால் எழுதியது இன்றுதான்.

தெப்ராவ், விஜயதசமி காலை.