வலி யாருக்கு?

மயிலாப்பூரில் ஒரு மூட்டு டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுத்த ஆயாவுக்கும் மூட்டு வலிதான். எழும்போதெல்லாம் முழங்காலைத் தட்டி, "வா, போலாம்" என்பாள்.

என் மகளுக்கு ஒரு வருஷமாக மூட்டு வலி. எந்த மருந்தும் கேட்கவில்லை. டாக்டர் எதைக் கேட்டாலும் பதறிப்போய் நானே பதில் சொல்வேன்.

"ராத்திரிதான் ஜாஸ்தி, டாக்டர்."

ஒரு நாள் கதவருகே நின்ற ஆயா குறுக்கிட்டாள். "வலி உனுக்கா சார், பாப்பாவுக்கா? அத்த சொல்ல வுடேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். மகள் மெதுவாகச் சொன்னாள்: "காலையிலதான் டாக்டர். விரல் மடங்கவே ஒரு மணி நேரம் ஆகும். அப்பா பயப்படுவார்னு சொல்லலை."

அன்று மாற்றிய மருந்து பிடித்துக்கொண்டது. இப்போது அவளே ஜடை பின்னிக்கொள்கிறாள்.

நன்றி சொல்லப் போனேன். ஆயா, "நீ இப்ப தூங்குறியா சார்?" என்றாள்.

நான் தூங்காததை வீட்டில்கூட யாரும் கவனித்ததில்லை. அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.